பழைய ஜீப்பும் மணல்மேட்டு வண்டியும்

இந்த வாரத் தபாலில் வந்த கடிதங்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்துவிட்டது. உயர்தர வகுப்பில் கணிதம் பயிலும் மாணவர் ஒருவர் எழுதியது அது. அவருடைய தகப்பனார் நெடுங்காலம் ஓட்டிய சிறிய சுசுக்கி ஜீப் ஒன்று வீட்டு வளவிலே மாமரத்தின் கீழ் நிற்கின்றதாம். தகப்பனார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கதவுகளிலும் கூரையிலும் கறள் ஏறிவிட்டது. ஆயினும் எஞ்சின் இன்றைக்கும் பழுதின்றி ஓடுகின்றது. இந்த ஜீப்பின் உடலை வெட்டி எறிந்துவிட்டு, மணலிலும் சேற்றிலும் ஓடத்தக்க 'பக்கி' வண்டியாக அதை மாற்ற வேண்டும் என்பது மாணவரின் ஆசை. தாயாரோ வண்டியைத் தொடவே விடமாட்டேன் என்கிறார். "நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அம்மா சம்மதிப்பார்" என்று கடிதம் முடிகின்றது.

தாய்க்கும் மகனுக்கும் இடையில் நீதிபதியாக அமர்வது இலேசான காரியமன்று. ஆகவே முதலில் அந்த வண்டி பிறந்த கதையைச் சொல்லுகிறேன். பிறகு அதைச் செய்யும் முறையை ஆராய்வோம். தீர்ப்பை இறுதியில் வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்தின் பசிபிக் கரையோரத்தில் பிஸ்மோ என்றோர் இடம் உண்டு. அங்கே கடற்காற்று குவித்த பெரிய மணல்மேடுகள் இருக்கின்றன. இரண்டாவது உலக யுத்தத்தின் பின்னர், பழைய கார்களின் கதவு, கூரை முதலியவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, மிஞ்சிய எலும்புக்கூட்டை இந்த மேடுகளில் ஓட்டிப் பார்ப்பது இளைஞரின் விளையாட்டாயிற்று. அவற்றுட் பல வண்டிகளுக்கு எஞ்சின் முன்புறத்தில் இருந்தது. பாரமும் அதிகம். முன்சில்லுகள் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கும். தள்ளிக்கொண்டு போக வேண்டிய பின்சில்லுகளோ பாரமின்றிச் சுழலும்.

இதை மாற்றியவர் புரூஸ் மையர்ஸ் என்பவர். 1926ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே பிறந்த இவர், யுத்த காலத்தில் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்து 'பங்கர் ஹில்' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பணிபுரிந்தார். 1945ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி, ஒக்கினாவாத் தீவுக்கு அருகே, யப்பானியரின் தற்கொலை விமானங்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கப்பலின் மீது மோதின. ஏறக்குறைய 400 பேர் மாண்டனர். மையர்ஸ் கடலிற் குதித்துத் தப்பியதுடன், பிறர் உயிர் பிழைக்கவும் உதவினார். ஊர் திரும்பிய பின் ஓவியக் கல்லூரியிற் பயின்றார். பிறகு படகு கட்டும் தொழிலில் இறங்கினார். கண்ணாடி நாரைப் பிசினிலே தோய்த்து அச்சின் மேல் படிய வைத்துச் செய்யும் படகுகள் அவை. நம் கரையோர மீனவர் இன்று பயன்படுத்தும் கண்ணாடிநார்ப் படகுகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

படகு கட்டியவருக்கு ஓர் உண்மை கைவந்திருந்தது. மெல்லிய தகடானாலும் அதை வளைத்துவிட்டால் அதற்குப் பலம் வந்துவிடும். ஒரு பனையோலையை நேராகப் பிடித்தால் துவளும். மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும் அல்லவா? அதே நியாயந்தான். 1964ஆம் ஆண்டு, தமது கராஜிலே இந்த அறிவைக் கொண்டு மையர்ஸ் ஒரு சிறிய வண்டியை அமைத்தார். வளைந்த மட்காப்புகளும் குட்டையான வாலும் கொண்ட அந்தச் சிவப்பு வண்டிக்கு, வாலில்லாப் பூனை இனம் ஒன்றின் பெயரால் 'மாங்ஸ்' என்று பெயர் அமைந்தது.

வண்டியின் எஞ்சினுக்கும் சில்லுகளுக்கும் அவர் நாடியது ஜெர்மன் வொக்ஸ்வாகன் 'பீட்டில்' காரை. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரின் எஞ்சின் பின்புறத்திலே இருந்தது. ஆகவே மணலைத் தள்ள வேண்டிய பின்சில்லுகளின் மேலேயே பாரம் அமர்ந்தது. எஞ்சினைக் காற்றே குளிர்வித்தமையால் றேடியேற்றரும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பழைய பீட்டில் கார்கள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தன.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மையர்ஸ் முதலிற் செய்தவற்றில் அடிச்சட்டமே இல்லை. கண்ணாடிநார் உடலே முழுப் பாரத்தையும் தாங்கிற்று. அவ்வகையில் 12 வண்டிகளே உருவாயின, செலவு கட்டுப்படியாகவில்லை. பின்னர் அவர் பீட்டிலின் அடித்தளத்தை அப்படியே எடுத்து, ஏறக்குறைய 14 அங்குலம் குறுக்கி, அதன் மேல் புதிய உடலைப் போல்ட்டுகளாற் பூட்டும் முறைக்கு வந்தார். எல்லாவற்றையும் புதிதாகச் செய்வேன் என்று தொடங்கியவர், பழையதில் எதை வைத்துக்கொள்வது என்று கற்றுக்கொண்ட பிறகே வெற்றி கண்டார்.

1967ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மையர்சும் அவருடைய தோழர் ரெட் மாங்கல்சும் அந்த முதற் சிவப்பு வண்டியிலேயே மெக்சிக்கோவின் பாகா குடாநாட்டை ஓடிக் கடந்தனர். லா பாஸ் நகரிலிருந்து ரியுவானா நகர்வரை ஏறக்குறைய 950 மைல். பெரும்பகுதி கல்லும் மணலும். அதுவரை மோட்டார் சைக்கிளோட்டிகளின் சாதனை 40 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இவர்கள் 34 மணித்தியாலம் 45 நிமிடத்தில் முடித்தனர். அதே ஆண்டு இறுதியில் அதே குடாநாட்டிலே நடந்த முதலாவது 'மெக்சிக்கன் 1000' ஓட்டப்போட்டியிலும் மாங்ஸ் வண்டி ஒன்றே முதலிடம் பெற்றது. அதை ஓட்டியவர்கள் விக் வில்சனும் மாங்கல்சும்.

புகழ் வந்தது, கூடவே போலியும் வந்தது. ஒருவர் ஒரு மாங்ஸ் உடலை வாங்கி அதன் மேல் அச்செடுத்துவிட்டால் தாமே வியாபாரத்தைத் தொடங்கிவிடலாம். மையர்ஸ் வழக்காடினார். நீதிமன்றம் அவருடைய காப்புரிமையை ஏற்கவில்லை. அவருடைய கம்பெனி ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உடல்களைச் செய்து விற்றது. ஆனால் பிறர் செய்த போலிகள் அதைப் போலப் பன்மடங்கு. 1971ஆம் ஆண்டு கம்பெனி மூடப்பட்டது. எனினும் அவர் மனம் முறிந்துவிடவில்லை. முதுமையில் மீண்டும் அதே தொழிலுக்குத் திரும்பி, மாங்ஸ் அன்பர்களின் மதிப்புக்குரிய பெரியவராக வாழ்ந்து, 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தமது 94ஆவது வயதிற் காலமானார். அந்த முதற் சிவப்பு வண்டி 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது.

இனி நமது மாமரத்தடி ஜீப்புக்கு வருவோம்.

உயிர்களுக்குள்ளே இருவகை உடலமைப்பைக் காண்கிறோம். மாட்டுக்கு உள்ளே எலும்பு; அதன் மேலே தசையும் தோலும். நண்டுக்கு எலும்பில்லை, மேலோடே அதன் பலம். மோட்டார் வண்டிகளும் அப்படியே. இன்றைய கார்களும், ஜீப் போலத் தோன்றும் பல புதிய வண்டிகளும் நண்டு வகையைச் சேர்ந்தவை. கூரை, தூண், தரைத்தகடு யாவும் ஒன்றாகச் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. இத்தகைய வண்டியின் கூரையை வெட்டினால் நடுவிலே தொய்ந்துபோகும், கதவுகள் மூடமாட்டா, மோதலில் மடிந்துவிடும்.

மாட்டு வகையைச் சேர்ந்தவை வேறு. அவற்றின் அடியிலே, ஏணியைப் படுக்க வைத்தாற்போல, இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் இருக்கும். மெக்கானிக்குகள் 'செசி' என்று சொல்வது இதைத்தான். எஞ்சின், கியர்ப்பெட்டி, வில்லுகள், அச்சுகள் யாவும் இதிலே பொருந்தியிருக்கும். உடற்கூடு இதன் மேல் இறப்பர் வைத்துப் போல்ட்டுகளாற் பூட்டப்பட்டிருக்கும்.

சுசுக்கியின் சிறிய ஜீப் இந்த வகையைச் சேர்ந்தது. யப்பானில் 'ஹோப்' என்ற சிறு கம்பெனி வடிவமைத்த வண்டியின் உரிமையைச் சுசுக்கி 1968ஆம் ஆண்டு வாங்கிற்று. 1970ஆம் ஆண்டு 359 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் முதல் ஜிம்னியை வெளியிட்டது. 1981ஆம் ஆண்டு வந்த அடுத்த தலைமுறையிலிருந்து பிறந்தவையே 970, 1,324 கன சென்ரிமீற்றர் எஞ்சின்கள் பூட்டிய வண்டிகள். அமெரிக்காவில் 'சாமுராய்' என்றும் இந்தியாவில் 'ஜிப்சி' என்றும் இவை பெயர் பெற்றன. சாமுராயின் எடை ஏறக்குறைய 2,000 இறாத்தல். நான்கு சில்லுகளையும் எஞ்சின் இழுக்கும். மெதுவாகவும் பலமாகவும் இழுப்பதற்கெனத் தாழ்ந்த கியரும் உண்டு. பாரம் குறைந்த, அடிச்சட்டம் உறுதியான இத்தகைய வண்டி பக்கியாக மாற்றுவதற்கு ஏற்றதே. ஆகவே, தம்பி, உமது எண்ணம் அடிப்படையிற் பிழையன்று.

ஆனால் நீர் கடிதத்தில் 'வெட்டி எறிந்துவிட்டு' என்று எழுதியிருக்கிறீர். அந்த இடத்திலேதான் நான் உம்மை நிறுத்துகிறேன். போல்ட்டுகளாற் பூட்டப்பட்ட உடலை ஏன் வெட்ட வேண்டும்? கழற்றலாமே! கழற்றியதைத் திரும்பப் பூட்டலாம். வெட்டியதை வெட்டியவனே வந்தாலும் பழையபடி ஆக்க முடியாது.

கழற்றுவதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கின்றது. வண்டியின் உடல் வெறும் தோல் போலத் தோன்றினாலும் அது பல உறுப்புகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. எஞ்சினுக்கும் ஓட்டுபவனுக்கும் இடையிலுள்ள தடுப்புத்தகட்டைப் பாரும். பிறேக் மிதியும் அதன் எண்ணெய்ச் சிலிண்டரும் அதிலேதான் பொருந்தியிருக்கும். சுக்கான் தண்டுக்கும் அதுவே ஆதாரம். சிலவகை வண்டிகளில் முன்சில்லின் அதிர்வு தாங்கியினது மேல்நுனிகூட உடற்கூட்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். ஆசனங்களும் ஆசனப் பட்டிகளும் தரைத்தகட்டையே நம்பியிருக்கின்றன. உடலைத் தூக்கியதும் இவையெல்லாம் அந்தரத்தில் நிற்கும். இவற்றுக்கு உறுதியான புதிய இருப்பிடம் எது என்று தாளிலே வரைந்து முடிக்காதவன் சாவியைக் கையில் எடுக்கக் கூடாது.

பிறகு பாரத்தின் கணக்கு. நீர் கணித மாணவர் ஆகையால் இதை எளிதில் அறிந்துகொள்வீர். வில்லுகளும் பிறேக்குகளும் குறிப்பிட்ட பாரத்துக்கென அமைக்கப்பட்டவை. பாரத்தைக் குறைத்தால் வில்லுகள் விறைத்து நிற்கும், வண்டி குதிக்கும். பின்புறத்துப் பாரம் அதிகமாகக் குறைந்தால், பிறேக்கை மிதிக்கும்போது பின்சில்லுகள் முந்திப் பூட்டிக்கொள்ளும். வண்டி பம்பரம் போலச் சுழன்றுவிடும். உடலைக் கழற்றுவதால் உயரத்தில் இருந்த பாரம் நீங்குகிறது. வண்டி கவிழும் ஆபத்துச் சற்றுக் குறைகிறது. ஆனால் இளைஞர் பலர் உடனே பெரிய ரயர்களைப் பூட்டி வண்டியை உயர்த்திவிடுகிறார்கள். ஒரு கையாற் பெற்ற இலாபத்தை மறு கையால் இழப்பதே இது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கவிழ்வு. மேடுபள்ளத்தில் ஓடும் வண்டி ஒருநாட் கவிழும் என்று எண்ணியே அதைக் கட்ட வேண்டும். கூரையை நீக்கியவன் தலைக்கு மேலே எஃகுக் குழாய்க் கூடு ஒன்றை அமைக்கக் கடமைப்பட்டவன். அந்தக் கூட்டின் கால்கள் மெல்லிய தகட்டில் நின்றால், கவிழும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். அவை அடிச்சட்டத்திலேயே ஊன்ற வேண்டும். வெறும் நாற்கோணம் சாயும், முக்கோணம் சாயாது என்பதைக் கேத்திர கணிதத்திற் படித்திருப்பீர். ஆகவே மூலைக் குழாய்கள் அவசியம். மலிவாகக் கிடைக்கிறதே என்று தண்ணீர்க் குழாயை வாங்கிவிடாதீர். அது இந்த வேலைக்கென வார்த்ததன்று. அதன் நாகப் பூச்சு, வெல்டிங் சூட்டிலே நச்சுப் புகையாகி ஒட்டுபவனுக்குக் காய்ச்சலைத் தரும். ஆசனப் பட்டி இல்லாத கூட்டினாற் பயனும் இல்லை. கவிழும் வண்டியிலிருந்து வெளியே வீசப்படுபவனைக் கூடு காப்பாற்றாது. வண்டியே அவன் மேல் விழும்.

வேலை செய்யும் இடத்திலும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிலே படுக்க வேண்டாம். உறுதியான முட்டுகளைக் கொடுத்த பின்னரே குனிய வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, பெற்றோல் தாங்கியையும் கழற்றித் தூரத்திலே வைக்க வேண்டும். வெறுமையான தாங்கிதானே என்று எண்ணுவது பெருந்தவறு. உள்ளே தங்கிய ஆவி காற்றுடன் கலந்து ஒரு பொறியில் வெடித்துவிடும். செசியைக் குறுக்கும் எண்ணத்தையும் விட்டுவிடும். மையர்ஸ் 14 அங்குலம் குறுக்கினார் என்றால், அவர் குறுக்கியது வேறுவகைத் தளம். ஏணிச் சட்டத்தை வெட்டி ஒட்டுவது அனுபவம் முதிர்ந்த கைகளுக்குரிய வேலை. ஒட்டு விலகினால் ஓடும்போதே வண்டி இரண்டாகும்.

வண்டி முடிந்த பின் மணலில் ஓட்டும் முறையும் ஒரு வித்தை. ரயரின் காற்றைக் குறைத்தால் அது மணலின் மேல் நீண்டு படியும், பாரம் பரவும், புதையாது. ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதும் இதற்காகவே. தார் வீதிக்கு வருமுன் மறக்காமற் காற்றை நிரப்பிவிட வேண்டும். வீதி என்றதும் சட்டமும் வருகின்றது. வாகனத்தின் அமைப்பை மாற்றி வீதியில் ஓட்டுவதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதுவரை அந்த வண்டிக்கு உமது வளவும், உடையவரின் சம்மதம் பெற்ற தரிசு நிலமுமே வீதி. மணல்மேட்டுப் பூண்டுகளையும் அடம்பன் கொடியையும் மிதிக்காதிருப்பது நல்ல ஓட்டியின் இலட்சணம். அந்த வேர்கள் அறுந்தால் மேடு நடந்து ஊருக்குள் வந்துவிடும்.

இனித் தீர்ப்பு.

அம்மா அவர்களே, உங்கள் மறுப்பிலே இரண்டு காரணங்கள் இருப்பதை நான் ஊகிக்கிறேன். ஒன்று மகனின் உயிரைப் பற்றிய பயம். மற்றது, அந்த ஜீப்பின் கதவைத் திறக்கும் ஓசையிலே உங்களுக்கு மட்டும் கேட்கும் ஒரு குரல். முதலாவதற்கு நான் மேலே எழுதியவை விடையாகும். ஒவ்வொரு நிபந்தனையையும் மகன் நிறைவேற்றியதை நீங்களே பார்த்த பின் சம்மதம் கொடுங்கள். இரண்டாவதற்கும் வழி இருக்கின்றது. எதையும் வெட்ட வேண்டாம். கதவையும் பொனற்றையும் கூரையையும் கழற்றி, கறளைச் சுரண்டி, எண்ணெய் பூசி, கொட்டிலில் நனையாமல் அடுக்கி வைக்கட்டும். அதே போல்ட்டுத் துவாரங்களிலே புதிய இலேசான உடல் பூட்டப்படட்டும். என்றைக்காவது மனம் மாறினால் பழைய ஜீப் ஒரு வாரத்தில் எழுந்து நிற்கும். மாமரத்தடியிலே கிடந்தாலோ, சில மாரிகளுக்குப் பிறகு வைத்திருப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது. கறள் ஒருவர் அனுமதியையும் கேட்பதில்லை.

தம்பி, உமக்கு நான் கொடுக்கும் முதல் ஆயுதம் வாள் அன்று. ஓர் அப்பியாசக் கொப்பி. நாளை காலை ஒரு சிறு சுத்தியலுடன் ஜீப்பின் அடியைத் தட்டிப் பாரும். கணீரென்றால் எஃகு, மந்தமாக ஒலித்தால் கறள் உள்ளே தின்றுவிட்டது. செசி அப்படியிருந்தால் இந்த எண்ணத்தையே விட்டுவிடும். நன்றாக இருந்தால், ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் கொடுத்து, அது எதை எதனுடன் பிணைக்கிறது, எதன் பாரத்தைத் தாங்குகிறது என்று கொப்பியில் எழுதும். உடன் ஒரு மூத்த மெக்கானிக்கை வைத்துக்கொள்ளும். உம்முடைய தகப்பனாருக்கு இந்த ஜீப்பைத் திருத்திக் கொடுத்தவர் இருந்தால் அவரே சிறந்தவர். சோதனை முடிந்த பின்னரே வேலையைத் தொடங்கும். வண்டி ஓராண்டு காத்திருக்கும். உயர்தரப் பரீட்சை காத்திராது.

கொப்பி நிறைந்ததும் முதலில் அம்மாவிடம் காட்டும். அவர் கையெழுத்திட்ட பக்கத்தை எனக்கு அனுப்பிவையும். அந்தச் செய்தியை இதே பகுதியில் வெளியிடக் காத்திருக்கிறேன்.